மாடியில் ஓர் அறை, கையில் ஒரு நோட்டீஸ்

கேள்வி: சென்னைப் புறநகரில் 1,200 சதுர அடி மனையில் எங்கள் வீடு. 2011-இல் தரைத்தளத்துக்கு மட்டும் அப்ரூவல் வாங்கினோம். மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்று மொட்டை மாடியில் அறையும் பாத்ரூமும் கட்ட ஆரம்பித்தோம். "சின்ன வேலைக்கு அப்ரூவல் வேண்டாம்" என்றார் மேஸ்திரி. கான்கிரீட் போடும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்து, வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. இருபது வருடமாகத் தாயாய்ப் பிள்ளையாய்ப் பழகியவர். பாத்ரூம் ஜன்னல் அவர் சமையலறைப் பக்கம் திறக்கிறது, அதுதான் அவருக்குக் கோபம். அவர் வீட்டு மாடிப்படியே செட்பேக்கில்தான், அதாவது கட்டடத்தைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய இடத்தில்தான், நிற்கிறது. அவர் மேல் கேஸ் போடலாமா?

பதில்: வேண்டாம். அவர் எந்த மனநிலையில் புகார் கொடுத்தார் என்பதை எந்த அதிகாரியும் பார்க்க மாட்டார். உங்கள் அப்ரூவல் பிளானில் அந்த அறை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லை. பெயின்ட், பூச்சு, டைல்ஸ், கதவு ஜன்னல் மாற்றுவது போன்றவற்றுக்கு அனுமதி தேவையில்லை. மேஸ்திரி சொன்னது அதற்குப் பொருந்தும். புதிதாக ஓர் அறை எழும்பினால், பத்துக்குப் பத்து ஆனாலும், 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி அனுமதி வேண்டும். அவருடைய மாடிப்படி உங்களைக் காப்பாற்றாது. அடுத்தவர் தவறைக் காட்டி எனக்கும் விட்டுவிடுங்கள் என்ற வாதத்தை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை.

எனக்கு நிஜமான பயம் வேறு. "கான்கிரீட்டை மட்டும் போட்டுவிடுங்கள், போட்டதை யார் இடிப்பார்கள்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். வழக்குக்காக என்னிடம் வந்த ஒருவர் அதை நம்பி ஞாயிற்றுக்கிழமை இரவில் கான்கிரீட் போட்டார். செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்து போட்டோ எடுத்தார். முட்டுக் கம்புகள் பிரிக்காமல் நிற்கின்றன, சுவரில் நோட்டீஸ், அதற்கு மேலே ஈரம் காயாத கான்கிரீட். அந்தப் படம் ஃபைலில் இருக்கும்போது நான் பேச ஒன்றுமே இருக்கவில்லை. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் நிறுத்தவும், சீல் வைக்கவும், இடிக்கவும் அதிகாரம் இருக்கிறது. செலவழித்த பணமோ, வருடங்கள் ஓடியதோ, அதிகாரிகள் சும்மா இருந்ததோ விதிமீறிய கட்டடத்துக்குக் கவசமாகாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அப்புறம் புரோக்கர். 2024-இல் வந்த, உரிமையாளரே உறுதிமொழி கொடுத்து விண்ணப்பிக்கும் சுயசான்றுத் திட்டத்தில் 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரையும் முதல் தளமுமாகக் கட்ட ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்கிறது. "உங்கள் வீடு அதற்குள் வந்துவிடும், இன்றைக்கே எடுத்துத் தருகிறேன்" என்பார். அது இனிமேல் கட்டப்போகிறவர்களுக்கு. பாதி எழும்பிய சுவரை மறைத்து, கட்டவே இல்லை என்பது போல விண்ணப்பித்தால், அனுமதியில்லாத கட்டடத்தோடு பொய்யான உறுதிமொழியும் உங்கள் கையெழுத்தில் சேரும். நோட்டீஸ் ஏற்கெனவே ஃபைலில் இருக்கிறது. அந்த அனுமதி ரத்தாவதற்கு இன்னொரு புகார் போதும்.

வேலையை நிறுத்திவிட்டு, தேதியோடு போட்டோ எடுத்து, நோட்டீஸில் உள்ள கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். பதிவு பெற்ற பொறியாளரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். உங்கள் மனைக்கு எல்லாத் தளங்களும் சேர்த்து 2,400 சதுர அடி வரை தளப்பரப்பு கிடைக்கும் என்பதால் பரப்பில் சிக்கல் வராது என்றே நினைக்கிறேன், செட்பேக்தான் இடிக்கும். பாத்ரூம் அதற்குள் நீட்டியிருந்தால் நீங்களே இடித்துவிட்டு, மீதிக்கு, நிற்பதை நிற்பதாகக் காட்டி, திருத்திய பிளான் கொடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் சமாதானமாகப் போங்கள். புகாரை அவர் வாபஸ் வாங்கினாலும் நோட்டீஸ் சாகாது. ஆனால் அந்த ஜன்னலை வேறு பக்கம் திருப்பினால், அனுமதி வந்த பிறகு மறுபடி மனு எழுத ஆள் இருக்காது. பிரசவத்துக்குள் மாடி அறை தயாராகாது. மகளுக்குக் கீழே ஹாலில் ஒரு பிளைவுட் தடுப்பு வையுங்கள், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.