கொரோனா நேரத்து நாட்டுச் சண்டை, அதுல வந்த வார்த்தைங்க: கேளுங்க, சொல்றேன்

பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரன், காலேஜ்ல சர்வதேச அரசியல் நடத்துறேன். அந்தப் பாடத்துக்குள்ள இருக்கற கேள்வியா கேளுங்க.

கே: சார், சீனா வைரஸ்னு சொன்னா என்னங்க தப்பு? அங்கிருந்து தானே வந்துச்சு?

ப: ஊர் பேரு, நாட்டுப் பேரை நோய்க்கு வைக்காதீங்கன்னு உலக சுகாதார அமைப்பு 2015லயே சொல்லிருச்சுங்க. 2020 பிப்ரவரி 11ல கோவிட்-19னு பேரும் வச்சாச்சு, அப்புறமும் டிரம்ப் சீனா வைரஸ்னு பேச, அந்தப் பக்கம் சீன வெளியுறவுத்துறை பேச்சாளர் சாவ் லிஜியன் அமெரிக்க ராணுவம் கொண்டு வந்திருக்கலாம்னு ட்வீட் போட, மார்ச் 25 ஜி7ங்கற ஏழு பணக்கார நாடுங்களோட வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்துல அமெரிக்கா, நோய் முதல்ல தெரிஞ்ச சீன ஊர் பேரை வச்சு 'வூஹான் வைரஸ்'னு எழுதியே ஆகணும்னு நின்னதுல கூட்டறிக்கையே வரல. ஜனம் செத்துட்டு இருந்த நேரம்ங்க அது. யாரு சொல்றா, யாரு கேக்கறதுக்காகச் சொல்றான்னு முதல்ல பாருங்க.

கே: லேப்ல இருந்து லீக் ஆச்சா?

ப: வைராலஜி படிச்சவங்களைக் கேளுங்க.

கே: ஆஸ்திரேலியா மேல சீனாவுக்கு என்ன கோபம்?

ப: நோய் எப்படி வந்துச்சுன்னு விசாரிக்கணும்னு ஆஸ்திரேலியா 2020 ஏப்ரல்ல கேட்டுச்சு, மே மாசம் அவங்க பார்லிக்கு 80.5 சதவீதம் வரி. சீனா காகிதத்துல எழுதின காரணம் 'டம்பிங்', அதாவது ரொம்பக் குறைஞ்ச விலைக்கு எங்க நாட்டுல கொண்டு வந்து கொட்டுறாங்கன்னு.

கே: ஸ்பானிஷ் ஃப்ளூன்னு மட்டும் சொல்லலாமா? ஒரு பேருக்குப் போய் இவ்வளவு பேச்சு எதுக்குங்கண்ணா?

ப: தம்பி, அதுவும் தப்பான பேரு தான். 1918ல சண்டை போட்ட நாடுங்க பத்திரிகைக்குத் தணிக்கை வச்சிருந்துச்சு, ஸ்பெயின் சண்டையில இல்ல, அங்க பேப்பர்ல செய்தி வந்துச்சு, பழி அவங்க மேல விழுந்துருச்சு. நூறு வருசம் தாண்டியும் போகல.

கே: நம்மூர்ல அப்படியெல்லாம் இல்லைங்கண்ணா.

ப: இருந்துச்சு தம்பி. 2020 மே, கேரள எல்லையில கோபாலபுரம் செக்போஸ்ட், பொள்ளாச்சியில இருந்து தக்காளி ஏத்தி வந்த வண்டி. சென்னை கோயம்பேடு மார்க்கெட்ல இருந்து கொரோனா பரவுதுன்னு எல்லாரும் பயந்த நேரம், ஆனா டிரைவர் சென்னைப் பக்கமே போகாதவர். 'கோயம்பேடு வண்டி'ன்னு ஒருத்தர் கத்தினதும் டீக்கடையில கிளாஸ் குடுக்கல, அவரு தண்ணி பாட்டிலை வெட்டி அதுல டீயை வாங்கிக் குடிச்சாரு. பக்கத்துல நின்னு பாத்தவன் நானு. அடுத்த வருசம் மே மாசம் உருமாறின கொரோனாவை வெளிநாட்டுக்காரன் 'இந்தியன் வேரியன்ட்'ன்னதும் நம்ம அரசாங்கமே அந்த வார்த்தையை எடுங்கன்னு சமூக வலைதளங்களுக்கு எழுதுச்சு, 31ஆம் தேதி தான் டெல்டான்னு பேரு வந்துச்சு. அன்னைக்கு உங்களுக்கு வலிச்சுதா இல்லையா?

கே: வலிச்சுதுங்கண்ணா. ஆனா லேப்...

ப: லேப் கேள்விக்கு ஏற்கனவே பதில் சொல்லியாச்சு, மேல பாருங்க. யாரு சொல்றான்னும் பாருங்க.

கே: அந்த டிரைவர் அப்புறம் வந்தாருங்களா?

ப: வாராவாரம் வந்தாருங்க. வண்டியிலயே சொந்தமா டம்ளர் வச்சிருந்தாரு.