அதிகம் கறந்த பசுவின் கிடேரி ஏன் குறைவாகக் கறக்கிறது?

வணக்கம். பண்ணையிலேயே அதிகம் கறந்த பசுவின் கிடேரி, முதல் ஈற்றில் மற்றவற்றைப் போலத்தான் கறக்கிறது என்று வருந்தியிருந்தீர்கள். அதை விற்றுவிடாதீர்கள், தவறு கிடேரியுடையது அல்ல.

பசுக்களுக்கிடையே பால் அளவில் தெரியும் வித்தியாசத்தில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் மரபுவழி வருவது. மீதி தீவனம், பருவம், உடல்நலம் என்று போய்விடும். தாய் 305 நாள் கறவையில் கூட்டத்தின் சராசரியைவிட 1000 லிட்டர் கூடுதலாகக் கொடுத்திருந்தாலும், அதன் மரபு மேன்மை என 300 லிட்டரைத்தான் எதிர்பார்க்கலாம். அதிலும் பாதிதான் கன்றுக்கு இறங்கும். நாளுக்கு அரை லிட்டர்! கண்ணில் படவே படாது.

கன்றின் மரபில் மறுபாதி காளையுடையது. காளை எது என்று நீங்கள் எழுதவே இல்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. அடுத்த சினை ஊசிக்கு முன் அந்தக் காளையின் மகள்கள் எப்படிக் கறக்கிறார்கள் என்று கேளுங்கள். 100 மகள்களின் பதிவு இருந்தால், காளையின் பால் மரபைப் பற்றிய மதிப்பீட்டின் நம்பகத்தன்மை 90 சதவீதத்தை நெருங்கும். காளையின் தாய் கறந்த உச்ச அளவை மட்டும் காட்டினால் மயங்க வேண்டாம்.

கிடேரியை அதே பருவத்தில் முதல் ஈற்று ஈன்றவற்றோடு மட்டும் ஒப்பிடுங்கள். மாதம் ஒருநாளாவது இருவேளைப் பாலையும் அளந்து, சினை ஊசி போட்ட காளையின் அடையாள எண்ணோடு எழுதி வையுங்கள்.