எஸ்விஎன் கையேட்டை கிட்டுக்கு மாற்றிய பிறகு 'ரிவர்ட்' பிழை

எஸ்விஎன் (சப்வெர்ஷன்), கிட் இரண்டும் நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவிகள். எஸ்விஎன்னுக்கு எழுதிய கையேட்டைக் கிட்டுக்கு மாற்றியபின், புதிதாகச் சேர்ந்தவர் அதன்படி ரிவர்ட் செய்தால் பிழை வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். கையேட்டில் 'கிட் ரிவர்ட், கோப்பின் பெயர்' என்று இருக்கும் வரியை 'கிட் ரெஸ்டோர், கோப்பின் பெயர்' என்று மாற்றுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பிழை வருவது அவர் தப்பு இல்லை.

'எஸ்விஎன்' என்பதைத் தேடி எல்லா இடத்திலும் 'கிட்' என்று போட்டிருப்பீர்கள் என நினைக்கிறேன். ஜங்ஷன் பஸ்ஸுக்கு டவுன் போர்டு மாட்டுவது மாதிரிதான் இது, தடம் மாறாது. சப்வெர்ஷனில் ரிவர்ட் என்றால் இன்னும் கமிட் செய்யாத, அதாவது பதிந்து வைக்காத மாற்றத்தைத் தூக்கிப்போடுவது. கிட்டில் அது, ஏற்கெனவே போட்ட கமிட்டின் மாற்றத்தைத் திருப்பப் புதுக் கமிட் ஒன்று போடும்; பழைய கமிட் அப்படியே இருக்கும். செக்அவுட்டும் அப்படியே: நிரலை முதல்முறை சர்வரிலிருந்து இறக்க எஸ்விஎன்னில் செக்அவுட், கிட்டில் குளோன்.

அப்புறம் 'கமிட்' என்று தேடிப் பாருங்கள். கிட்டில் கமிட் உங்கள் கணினியில் மட்டும் பதியும், அதைச் சர்வருக்கு அனுப்புவது 'புஷ்'. பக்கத்தில் அது இல்லையென்றால் அந்தப் பத்தியும் பாதிதான். பாளையங்கோட்டையில் நாங்கள் இதை விட்டுவிட்டு, ஒரு வாரம் "அனுப்பிய நிரல் எங்கே?" என்று தேடினோம்.

கையேட்டில் 'ஆர்1432' மாதிரி இருக்கும் பழைய எஸ்விஎன் கமிட் எண்களை அழிக்க வேண்டாம். எஸ்விஎன் வரலாற்றைக் கிட்டுக்குக் கொண்டுவரும் 'கிட் எஸ்விஎன்' கட்டளை வழியாக மாறியிருந்தால் கமிட் செய்தியின் அடியில் அந்த எண் இருக்கும். அந்தக் கட்டளையில் 'நோ-மெட்டாடேட்டா' என்ற விருப்பத்தைக் கொடுத்திருந்தால் இருக்காது.

ரெஸ்டோர் 2019-ல், 2.23 பதிப்பில்தான் வந்தது. அதைவிடப் பழைய கிட் என்றால் 'கிட் செக்அவுட்', இரண்டு சிறு கோடு (--), கோப்பின் பெயர். எதுவானாலும் கமிட் செய்யாத மாற்றம் போனால் போனதுதான். அதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.