படப் புத்தகங்கள்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கொக்குவில் அம்மா ஒருவர்: அக்கா, மகனுக்கு 4 வயது, எழுத்துக்கூட்டத் தெரியாது. எதில் தொடங்கலாம்?

சொல் குறைந்த புத்தகத்தில் தொடங்குங்கள் தங்கச்சி. எனக்கு மிகவும் பிடித்தது டக் சலாட்டியின் ‘ஹாட் டாக்’; 2023இல் அமெரிக்காவின் கால்டிகாட் பதக்கம், படப் புத்தக ஓவியத்துக்குக் கொடுக்கிற பரிசு, அதற்குத்தான். வெக்கை தாங்காத ஒரு நாய் நகரத்து நடுவீதியில் படுத்துக்கொண்டு அசையமாட்டேன் என்கிறது, அதை வளர்க்கிறவர் டாக்சி, ரயில், படகு என்று ஏற்றி ஒரு தீவுக்குக் கொண்டுபோகிறார், கதை அவ்வளவுதான். ஆனால் நகரத்தில் நெருக்கிய சூட்டு நிறங்கள் கடல் வந்ததும் எப்படி ஆறிப்போகின்றன என்று பாருங்கள். சித்திரை வெயிலில் குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்துநின்ற பிள்ளைக்கு இதை யாரும் விளங்கப்படுத்த வேண்டாம்.

அதே அம்மா: ஆங்கிலப் புத்தகத்தை எப்படி வாசித்துக் காட்டுவது?

வாசிக்கவே வேண்டாம். படத்தைப் பார்த்து வீட்டில் கதைக்கிற தமிழில் சொல்லுங்கள். பிள்ளை ஒரு பக்கத்திலேயே நின்றால் நீங்களும் நில்லுங்கள், ஓரத்தில் இருக்கிற பூனையை முதலில் கண்டுபிடிப்பது அவன்தான்.

சாவகச்சேரியில் இருந்து ஒரு தாத்தா: இந்தக் காலத்துப் புத்தகங்களில் நீதி எங்கே பிள்ளை?

ஐயா, வஷ்டி ஹாரிசனின் ‘பிக்’ (2023) பாருங்கள். சின்னதில் “பெரிய பிள்ளை” என்று கொஞ்சிய அதே சொல், வளர வளர அந்தச் சிறுமியைக் குத்தத் தொடங்குகிறது. ஓவியர் அவளைப் பக்கம் முழுக்க அடைத்து வரைகிறார், தலை முட்டும், கை மடங்கும், பிறகு தாள் மடிப்பு விரிந்துதான் அவளுக்கு இடம் கிடைக்கிறது. கலியாணவீட்டில் “என்ன இப்படி ஊதிப்போனாய்” என்று எல்லார் முன்னாலும் கேட்கிற நாங்கள் வாசிக்க வேண்டிய புத்தகம் இது. கடைசிப் பக்கத்தில் நீதி எழுதி ஒட்டினால் பிள்ளை அதோடு யோசிப்பதை விட்டுவிடும் என்பதுதான் என் கருத்து.

முன்பள்ளி ஆசிரியை ஒருவர்: பசி, சாவு எல்லாம் படப் புத்தகத்தில் வரலாமா?

வரலாம் ரீச்சர், வயது பார்த்துக் கொடுங்கள். ‘வாட்டர்கிரெஸ்’ என்று ஒன்று, ஆண்ட்ரியா வாங் எழுதி ஜேசன் சின் வரைந்தது, 2022இன் கால்டிகாட் பதக்கம். சீனாவில் இருந்து அமெரிக்கா போன பெற்றோர் காரை நிறுத்தி, தெருவோர வாய்க்காலில் கீரை பிடுங்குகிறார்கள். மகளுக்கு வெட்கம். அம்மா தான் பிள்ளையாக இருந்தபோது வந்த பஞ்சத்தையும் அதில் இழந்த தம்பியையும் சொன்ன பிறகுதான் அவள் அந்தக் கீரையை வாயில் வைக்கிறாள். இரண்டு பக்கத்திலும் விரிகிற ஒரு படத்தில் அமெரிக்கச் சோள வயல் மெல்ல மெல்லச் சீனத்து மூங்கிலாக மாறும், அந்த இடத்தில் கட்டாயம் நில்லுங்கள். இடம்பெயர்ந்த கதையைப் பேரப்பிள்ளைகளிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருக்கிற அம்மம்மாக்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். 7, 8 வயதுக்கு மேல் சரி.

சங்கானையில் இருந்து ஒரு அப்பா: இவ்வளவு விலைக்கு நாங்கள் எங்கே போவது?

இந்தியாவின் சிறுவர் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், தரவிறக்கி அச்சடிக்கவும் அனுமதி உண்டு. எல்லாம் நல்லதில்லை, சிலதில் மொழிபெயர்ப்புத் தமிழ் பல்லில் கல்லாகக் கடிக்கும், முதலில் நீங்கள் வாசித்துப் பாருங்கள். போனில் காட்டாமல் கடையில் கலரில் அடித்து நடுவில் தையல் போட்டுக் கொடுங்கள். யாழ்ப்பாணம் பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்கும் ஒருநாள் கூட்டிப்போங்கள், எந்தப் புத்தகம் என்பதைப் பிள்ளையே எடுக்கட்டும்.