பர்சனல் டிரெய்னர் தேர்வுக்குப் படிக்கிறேன், எந்தச் சொற்களை முதலில் பிடிப்பது?

சான்றிதழ்ப் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொற்பட்டியலைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது, எதில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் பல வருடமாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன், அதை வைத்துச் சொல்கிறேன். தசைகளின் பெயர்களில் தொடங்காதீர்கள். அவை வேலை செய்யச் செய்யத் தானாக மனதில் நின்றுவிடும். ஒருவர் எவ்வளவு சிரமப்படுகிறார் என்பதை அளக்கும் சொற்களில் தொடங்குங்கள், ஏனென்றால் இங்கே உங்களிடம் வரப்போகிறவர்களில் பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள் இல்லை, ரத்தக் கொதிப்புக்கும் இனிப்பு நீருக்கும் மாத்திரை சாப்பிடும் அங்கிள்களும் ஆன்ட்டிகளும்தான். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

முதல் சொல் உச்ச இதயத் துடிப்பு. 220-இல் வயதைக் கழி என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. 2001-இல் தனாகா என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட கணக்கு 208-இலிருந்து வயதின் 0.7 பங்கைக் கழிக்கச் சொல்கிறது. 60 வயதுக்காரருக்கு முதல் கணக்கில் 160, இரண்டாவதில் 166 வரும். எதை எடுத்தாலும் அது சராசரிதான், ஒரே வயதில் இருக்கும் இருவருக்கு இடையே 20 துடிப்பு வித்தியாசம் இருப்பது சாதாரணம். அதனால் கடிகாரத்தில் தெரியும் எண்ணை மட்டும் நம்பி யாரையும் விரட்டக் கூடாது.

அப்புறம் இந்த ஊர் வெயில் இருக்கிறதே. தித்திவாங்சா ஏரியைச் சுற்றி ஒரே வேகத்தில் நடந்தாலும், அரை மணி நேரம் கழித்துத் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகும். வியர்வையில் நீர் குறைகிறது, உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகிறது, ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவு குறைகிறது, அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. இதற்குப் பெயர் கார்டியாக் டிரிஃப்ட். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய புத்தகத்தில் இது ஓரமாக ஒரு பத்தியில் இருக்கும், நமக்கோ தினப்படி விஷயம்.

இன்னொரு சிக்கல், பீட்டா பிளாக்கர், அதாவது ரத்தக் கொதிப்புக்கும் இதய நோய்க்கும் கொடுக்கும், துடிப்பைக் குறைக்கும் மாத்திரை. அதைச் சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு மூச்சு வாங்கினாலும் துடிப்பு அவ்வளவாக மேலே ஏறாது, நீங்கள் எண்ணைப் பார்த்து “இன்னும் வேகமாக நடங்க அங்கிள்” என்று சொன்னால் அது ஆபத்து. இதற்குத்தான் ஆர்பிஇ, அதாவது தனக்கு எவ்வளவு சிரமமாகத் தெரிகிறது என்று ஆளே சொல்லும் எண். சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் உருவாக்கியது. பழைய அளவுகோல் 6-இல் தொடங்கி 20-இல் முடியும். இது ஏன் இப்படி என்று பலர் குழம்புவார்கள். பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான இளையவரின் துடிப்புக்குப் பக்கத்தில் வரும், 6 என்றால் 60, அவ்வளவுதான். எடை தூக்குவதற்கு இப்போது பத்துக்குள் எண்ணும் முறையைத்தான் பயன்படுத்துகிறோம், 8 என்றால் இன்னும் இரண்டு முறை தூக்கத் தெம்பு இருக்கிறது என்று பொருள். எண் சொல்லத் தயங்குகிறவரிடம் பேச்சுக் கொடுங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான அளவு. ஒருவரின் உடல்நிலை, மாத்திரை விவரத்தை முதல் நாளே கேட்டு எழுதிவைப்பதற்காகத்தான் பார்-க்யூ கேள்விப் படிவம் இருக்கிறது, அதைச் சடங்காக நினைக்காதீர்கள். மார்வலி, மயக்கம் என்று எதற்காவது ‘ஆம்’ என்று பதில் வந்தால், கிளினிக்கில் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், சங்கடப்படாதீர்கள்.

அடுத்தது புரோகிரசிவ் ஓவர்லோட், சுமையைப் படிப்படியாகக் கூட்டுவது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு முழங்கால் வலு திரும்ப வேண்டும் என்று ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் கனமான எடை கொடுத்துப் பார்த்தார். அது வரை அந்த மாதிரி நோயாளிகளை ஜாக்கிரதையாக லேசாகத்தான் அசைக்கவிடுவார்கள். 1948-இல் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் சொன்னது மூன்று செட். பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையில் பாதி, பிறகு முக்கால், பிறகு முழுசு. இன்றைக்கும் ஜிம்மில் மூன்று செட் பத்து என்று ஓடிக்கொண்டிருப்பதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கூட்டுவது என்றால் எடை மட்டும் இல்லை, எண்ணிக்கை, செட், அசைவின் நீளம் எதைக் கூட்டினாலும் சேர்த்திதான்.

கான்சென்ட்ரிக், எக்சென்ட்ரிக், ஐசோமெட்ரிக் மூன்றையும் பத்துமலையை நினைத்துப் படியுங்கள். 272 படி ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது, அது கான்சென்ட்ரிக். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது, அது எக்சென்ட்ரிக். நடுவில் முழங்காலை லேசாக மடக்கி அசையாமல் நின்றால் ஐசோமெட்ரிக். மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடை பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார முடியாமல் போவது பெரும்பாலும் இறங்கியதால்தான். அந்த வலிதான் டாம்ஸ், 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது என்று இன்னும் நிறைய டிரெய்னர்கள் சொல்கிறார்கள், தவறு. ரத்தத்தில் ஏறிய லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும், இரண்டு நாள் கழித்து வலிக்க அது காரணமாக இருக்க முடியாது. தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியும்தான் காரணம். வலி வந்தால்தான் நல்ல பயிற்சி என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், புதிதாக வந்த ஆன்ட்டி மறுபடி ஜிம் பக்கமே வரமாட்டார்.

அசைவு முன்பின்னா, பக்கவாட்டா, திருகலா என்று பிரிக்கும் சாஜிட்டல், ஃபிரன்டல், டிரான்ஸ்வர்ஸ் என்ற மூன்று தளங்களையும் தேர்வுக்கு முந்தின வாரம் படித்தால் போதும். மெட் என்பது சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடலுக்கு ஆகும் சக்திச் செலவு, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லி ஆக்சிஜன். 3 முதல் 6 மெட் வரை மிதமான உழைப்பு.

வால்சால்வா என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூச்சை அடக்கி முக்கித் தூக்குவது. ரத்த அழுத்தத்தைச் சட்டென்று மிக உயரத்துக்குக் கொண்டுபோகும், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களை எடை தூக்கும்போது மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். அதே மாதிரி ஹைப்போகிளைசீமியா, ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவது. உழைக்கும் தசை இன்சுலின் இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், ஆகவே இன்சுலின் போடுகிறவருக்குப் பயிற்சி நடுவில் சர்க்கரை இறங்கிப்போகலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் உடனே நிறுத்தி, 15 கிராம் சர்க்கரை உள்ள இனிப்புப் பானம் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 999-ஐக் கூப்பிடுங்கள்.