கொடி விழுந்த பிறகு

அன்புள்ள அக்கா,

மன அழுத்தம் பற்றி நீங்கள் சென்ற மாதம் எழுதியதைப் படித்தேன். எனக்கு 32 வயது. இரண்டு மாதமாக ஃபிளாக் ஃபுட்பால் பழகுகிறேன். அமெரிக்கக் கால்பந்து மாதிரிதான், ஆனால் ஆளை மோதி வீழ்த்தாமல் இடுப்பில் தொங்கும் கொடியைப் பிடுங்கி நிறுத்துவார்கள். விதிகளையெல்லாம் தாளில் எழுதி மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் பந்து கைக்கு வந்ததும் எல்லாம் மறந்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, எதிரே ஓடி வருபவரைத் தவிர வேறு யாரும் கண்ணில் படுவதில்லை. போன போட்டியில் என்னை அறியாமலே கையைக் கீழே இறக்கிக் கொடியை மறைத்தேன். அபராதம். நாங்கள் தோற்றோம். அன்று இரவு நான் தூங்கவில்லை. அடிப்படை விதிகளை எளிதாகக் கற்பது எப்படி? இந்த அழுத்தத்தை அடியோடு போக்க வழி உண்டா? கையுறை போட்டால் பந்து நழுவாதா? என் உடம்பே விளையாட்டுக்கு லாயக்கில்லையோ என்றும் தோன்றுகிறது.

சி.

அன்புள்ள சி.,

கையுறை வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள். உடம்பு லாயக்கா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன். இரண்டு மாதம் ஆடிவிட்டு யாரும் கேட்கக் கூடாத கேள்வி அது.

விதிகளை மனப்பாடம் செய்தது வீண் வேலை. சர்வதேசப் போட்டிகளில் ஆடும் வடிவத்தையே எடுத்துக்கொள்வோம். அணிக்கு 5 பேர். களம் 50 யார்டு நீளம், 25 யார்டு அகலம், இரண்டு முனையிலும் புள்ளி எடுக்கும் பகுதியான எண்ட் ஸோன் 10 யார்டு. பந்தை முன்னே கொண்டுபோகும் ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன். நான்கு டவுனுக்குள் நடுக்கோட்டைத் தாண்டினால் இன்னும் நான்கு டவுன் கிடைக்கும். எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுசேர்த்தால் டச்டவுன், அதற்கு 6 புள்ளி. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்கிற ரஷர், பந்து கிளம்பும் கோட்டிலிருந்து 7 யார்டு தள்ளி நிற்க வேண்டும். மோதக் கூடாது, இழுத்துப் பிடிக்கக் கூடாது. பந்து வைத்திருப்பவரின் இடுப்புக் கொடி பிடுங்கப்பட்டால் அந்த டவுன் அங்கேயே முடிந்தது. பந்து தரையில் விழுந்தாலும் முடிந்தது. இவ்வளவுதான். மிச்சம் ஆட ஆடத் தானாக வரும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘அடியோடு போக்க’ என்ற வார்த்தை. எதைப் போக்கப் போகிறீர்கள்? நெஞ்சு படபடப்பதையா? கால் தசைக்கு ரத்தம் அனுப்பத்தானே அது வேகமாகத் துடிக்கிறது! ஆபத்தைக் கண்டால் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்று உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915லேயே எழுதிவிட்டார். ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் 1936ல் எலிகளை வைத்து இன்னொன்றைச் சொன்னார். குளிர், காயம், விஷம் என்று எது தாக்கினாலும் உடம்பு கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் பதில் சொல்கிறது. முதலில் எச்சரிக்கை, பிறகு தாக்குப்பிடிப்பது, தாக்குதல் ஓயவே இல்லையென்றால் கடைசியில் களைத்து விழுவது. அந்த ‘ஓயவே இல்லையென்றால்’ என்பதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

தமிழில் இதற்கு ‘மன அழுத்தம்’ என்று பெயர் வைத்தது பெரிய அநியாயம். மனதில் மட்டும் நடப்பதுபோல ஆகிவிட்டது. போதாததற்கு, மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாமல் செய்யும் மனச்சோர்வு நோய்க்கும் செய்தித்தாள்கள் இதே சொல்லைப் போடுகின்றன. பந்து வரும்போது படபடப்பதும் அதுவும் ஒன்றா? இந்தக் குழப்பத்தால்தான் உங்களைப் போன்றவர்கள் ஒரு நல்ல படபடப்பைக்கூட வியாதி என்று பயப்படுகிறீர்கள். 2014ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், பாடுவதற்கும் பேசுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் முன்னால் ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டவர்கள், தங்களை அமைதிப்படுத்திக்கொள்ளப் பார்த்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். இரு சாராருக்கும் படபடப்பு இருந்தது. அதற்கு வைத்த பெயர்தான் வேறு.

சரி, கொடியை மறைத்தது பற்றி. பதறும்போது பார்வை சுருங்கும், கை பழைய பழக்கத்துக்குப் போய்விடும். இடுப்பை நோக்கி ஒரு கை வந்தால் அதைத் தட்டிவிடுவது பிறந்ததிலிருந்து உள்ள பழக்கம். எதிராளி எந்தப் பக்கம் வருகிறாரோ அதற்கு மறுபக்கக் கையில், மார்போடு ஒட்டிப் பந்தைப் பிடித்து ஓடிப் பழகுங்கள். நூறு தடவை, மெதுவாக. அது போதும்.

நான் சொல்ல வந்தது நீங்கள் தூங்காத அந்த இரவைப் பற்றி.

எனக்கு 36 வயதில் அம்மா படுக்கையில் விழுந்தார்கள். 14 மாதம். தொலைபேசி எப்போது அடிக்கும் என்று தெரியாது. அடிக்காதபோதும் காதில் அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு தோழி வற்புறுத்தித்தான் சனிக்கிழமைகளில் ஆணும் பெண்ணும் கலந்து ஆடும் ஓர் அணியில் சேர்ந்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா ஒருவர் அங்கே தடுப்பாட்டம் சொல்லிக்கொடுத்தார். “முகத்தைப் பார்க்காதே, பந்தையும் பார்க்காதே. இடுப்பைப் பார். தலையும் தோளும் பொய் சொல்லும், இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போவாள்.”

ஒரு சனிக்கிழமை, முந்தைய இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நேராகப் போனேன். ஒருத்தி என்னைத் தாண்டி ஓடினாள். கொடி என் விரலில் பட்டு நழுவியது. டச்டவுன். அணி கூடி நின்ற வட்டத்தில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த அக்கா என் தோளைப் பிடித்து, “அது முடிஞ்சுபோச்சு. இப்ப எந்த டவுன்?” என்றார். எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் கேட்டார். சுற்றிப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. பந்து எங்கே இருக்கிறது, கோடு எங்கே, யார் எங்கே நிற்கிறார்கள் எல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான். ஒவ்வொரு டவுனும் சில நொடிகள்தான். கொடி கையோடு வந்துவிட்டால் எல்லாரும் நிற்க வேண்டும். அப்புறம் அரை நிமிடம்போல மூச்சு வாங்கலாம், மறுபடி தொடங்கலாம். அட்ரினலின் ஏறுவதும் ஒரு காரியத்தை முடிப்பதற்குத்தான். கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் மெதுவாக வரும். நெருக்கடி தொடங்கி இருபது முப்பது நிமிடம் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும், இறங்குவதற்கும் நேரம் எடுக்கும். நடந்ததையே மனதில் திரும்பத் திரும்ப ஓட்டினால் உடம்பு என்ன செய்யும்? இன்னும் நடக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ளும். செல்யே சொன்ன ஓயாத தாக்குதலை நாமே வீட்டுக்குள் கூட்டிவருகிறோம். அம்மா படுத்திருந்த 14 மாதமும் என்னைக் கொன்றது அதுதான். வேலை பார்த்த இடத்தில் நடு இரவில் வேலை அனுப்பிய அதிகாரி ஒருவரும் அதைத்தான் செய்தார். ஒன்றுகூட முடியவில்லை.

நீங்களும் அன்று அதைத்தான் செய்தீர்கள், பெண்ணே. நடுவர் ஊதிவிட்டார், அபராத யார்டுகளை எண்ணிவிட்டார், எதிரணிக்காரி குளித்துவிட்டுத் தூங்கியிருப்பாள். நீங்கள் மட்டும் விடியும்வரை பந்தோடு ஓடிக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, அதைவிட அதிகமாக வருத்தம். நான் அந்த 14 மாதத்தில் இழந்த தூக்கம் திரும்பி வரவில்லை.

தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஓர் இரவு என்றால் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும், துடிப்பு இறங்கும். களத்தில் அந்த அரை நிமிடத்திலும் இதைச் செய்யலாம்.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு வருகிறது, பெண்களுக்கும் சேர்த்து. ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுகளுக்காக நடக்கும் வேர்ல்ட் கேம்ஸில், 2022 பெண்கள் இறுதியாட்டத்தில் மெக்சிகோ அமெரிக்காவை 39-6 என்று வென்றது. அதைத் தேடிப் பாருங்கள். எறிவதையும் பிடிப்பதையும் எல்லாரும் பார்ப்பார்கள். கொடி விழுந்து அடுத்த ஸ்னாப் வரும்வரை, அதாவது பந்து மறுபடி கிளம்பும்வரை, அவர்கள் எங்கே நிற்கிறார்கள், யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று நீங்கள் பாருங்கள்.

அடுத்த மூன்று வாரம் பந்து பக்கம் போகாதீர்கள், தடுப்பில் நில்லுங்கள். உங்கள் பயிற்சியாளரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இடுப்பை மட்டும் பாருங்கள். எத்தனை கொடி பிடுங்கினீர்கள் என்று எழுதுங்கள். தவறவிட்டவற்றை எண்ண வேண்டாம்.

அன்புடன்,
அக்கா