ஆச்சியின் அரிசிக் கொட்டான்

"பாட்டி கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. விசுவாசத்தில் ஊறிய அவருடைய வாழ்க்கைக்கு எப்படி மரியாதை செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு பெரியப்பா, அப்பா, சித்தப்பா, அத்தை எல்லோரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ராத்திரி வெகுநேரம் பேசினார்கள். அதனால் எங்கள் ஆச்சியை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் ஊர் செம்மணல் மேடான தேரிக்காட்டை ஒட்டிய சின்னக் கிராமம். மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடிக் கோபுரம் பனைகளுக்கு மேலே தூரத்தில் தெரியும். எங்கள் பக்கம் சர்ச் என்று சொல்லும் வழக்கம் இல்லை, கோயில்தான். போதகரும் எங்களுக்கு ஐயர்தான். ஆச்சிக்குக் கல்யாணம் நடந்தது அந்தக் கோயிலில். எண்பத்தெட்டு வயது வரை இருந்தாள்.

ஆச்சி நீளமாக ஜெபம் பண்ணுகிறவள் இல்லை. சாட்சி சொல்லச் சொன்னால் கூச்சப்பட்டுப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அவளுடைய விசுவாசத்தை நான் பார்த்தது அடுப்படியில்தான். சுளகில் அரிசி புடைத்து, கழுவி உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி அள்ளி, சுவரில் தொங்கும் ஓலைக்கொட்டானில் போடுவாள். கைப்பிடி அரிசிக் காணிக்கை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இது தலைமுறை தலைமுறையாக இருக்கும் பழக்கம். தாத்தா பனையேறி. பதநீர்க் காலம் முடிந்தால் வீட்டில் கை சுருங்கிவிடும். அப்படி ஒரு நாள், புதிதாகக் கல்யாணமாகி வந்த அம்மா, "இன்னைக்கு வேண்டாமே அத்தை, இருக்கிறதே ரெண்டு நாழிதான்" என்றாளாம். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம் போல ஒரு கைப்பிடி எடுத்துக் கொட்டானில் போட்டுவிட்டு, அன்று ராத்திரி தான் மட்டும் வடித்த கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டாள். அம்மா இதைச் சொல்லும்போது இன்னமும் குரல் மாறிவிடும்.

கொட்டான் நிறைந்ததும் அரிசியைக் கோயிலுக்குக் கொண்டுபோவாள். பெண்கள் சங்கத்தார் படியால் அளந்து விற்று, பணத்தை ஊழியத்துக்கு அனுப்புவார்கள். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் 1903-ல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியதும், எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா தெலுங்கு தேசத்துத் தோர்னக்கல்லுக்கு ஊழியத்துக்குப் போய் 1912-ல் அங்கேயே பேராயர் ஆனதும் நாங்கள் ஓய்வுநாள் பள்ளியில் படித்த கதைகள். இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான (பிஷப்) முதல் இந்தியர் அவர். ஆச்சி மதுரையைத் தாண்டிப் போனதே இல்லை. ஆனால் தோர்னக்கல் என்ற பேரை ஏதோ சொந்தக்காரர் இருக்கிற ஊர் மாதிரித்தான் சொல்லுவாள்.

கடைசி இரண்டு வருஷம் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. என்னைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பாள். அம்மா அரிசிச் சுளகைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் மட்டும் கை தானாக நீளும். நரம்பு புடைத்த அந்தக் கை அரிசியை அள்ளி இறுக்கிப் பிடிக்கும், ஒரு மணி கீழே விழாது. அப்புறம் கொட்டான் எங்கே என்று கண் தேடும்.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பெரியப்பாவுக்குப் பளபளவென்று கிரானைட்டில் கல்லறை கட்ட ஆசை. "எனக்குக் கல்லறை கட்டுதோம்னு காசைக் கரியாக்காதிய" என்று ஆச்சி முன்பே சொல்லியிருந்ததை அத்தைதான் ஞாபகப்படுத்தினாள். சாதாரணக் கல்லறைதான் கட்டினோம். பேர், தேதிகள், அவள் வேதாகமத்தில் அடிக்கோடு போட்டிருந்த சங்கீதம் 71-ன் 18-ம் வசனம், அவ்வளவுதான். நவம்பர் 2-ம் தேதி போய்ச் செடி வெட்டி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவோம். மிச்சப்பட்ட பணம் அவள் பேரில் ஒரு பிள்ளையின் படிப்புக்குப் போனது.

விளைச்சலில் ஒரு பங்கைக் கோயிலில் படைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கு அவள் நட்ட முருங்கையின் காய்களைப் படைக்கிறோம். ஏலத்தில் அதை எடுக்க எங்கள் வீட்டுக்குள்ளேயே போட்டி நடக்கும். கடைசியில் எடுத்தவர் சமைத்து எல்லோருக்கும் போட வேண்டும். இதை உங்கள் சபையிலும் செய்து பாருங்கள், பாட்டியைத் தெரிந்தவர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

ஆண்டு நினைவன்று வீட்டில் ஒரு ஸ்தோத்திர ஜெபம் வைத்தோம். ஐயரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு பிரசங்கத்தைச் சுருக்கமாக வைத்து, மிச்ச நேரத்தை வந்தவர்கள் பேசுவதற்கு விட்டோம். எதிர்வீட்டு இந்துப் பெரியம்மா பேசியதைப் போல எங்களில் யாரும் பேசவில்லை.

எனக்கு இருக்கும் ஒரே வருத்தம், அவள் ஜெபிக்கிற குரலை ஒருநாள்கூடப் போனில் பதிந்து வைக்கவில்லை என்பதுதான்.

ஆனால் அவள் வேதாகமம் இருந்தது. அட்டை கிழிந்து, துணி ஒட்டித் தைத்தது. ஓரங்களில் பென்சிலால் பேர்கள், தேதிகள். நடுவே மொறமொறவென்று காய்ந்த குருத்தோலைச் சிலுவை ஒன்று. சில பேர்களுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன, என்னவென்று எங்கள் யாருக்கும் புரியவில்லை. ஆண்டு நினைவுக்கு வந்திருந்த ஆச்சியின் சிநேகிதி ஒருத்தி, அவளுக்கும் எண்பத்தைந்து இருக்கும், கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது வெள்ளிக்கிழமைக் கணக்குல்லா" என்றாள். அந்த ஆளுக்காக ஆச்சி மத்தியானம் சாப்பிடாமல் ஜெபித்த ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு கோடாம். எங்கள் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறாள். கோடுகள் அதிகமாக இருந்தது சித்தப்பா பேருக்கு எதிரே. பத்தொன்பது வயதில் கோபித்துக்கொண்டு பம்பாய்க்குப் போய், நாலு வருஷம் ஒரு கடிதம்கூடப் போடாமல் இருந்தவர் அவர். வேதாகமத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பாதியில் எண்ண முடியாமல் எழுந்து புறவாசலுக்குப் போய்விட்டார்.

பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் பேரன் பேத்திகள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறோம். உங்கள் பாட்டியின் வேதாகமத்தையும் ஒருமுறை பொறுமையாகத் திருப்பிப் பாருங்கள். அவரோடு கோயிலில் ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள் யாராவது இன்னும் இருந்தால், இந்த வாரமே அதை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போங்கள்.